முதல் பாட்டு எது? கர்நாடக சங்கீதத்தைப் புதியவர் காதில் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகனைக் கோலாலம்பூரில் ஒரு கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அப்போது அவன் படிவம் 4. பாடியவர் பெரிய வித்வான். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது தோடி ராகம். வார்த்தையும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை மட்டுமே அரை மணி நேரம். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கும் தொண்டை அடைத்தது. திரும்பினால் பையனைக் காணோம். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். "மாமா, அவரு எப்பதான் பாட ஆரம்பிப்பாரு?" என்று கேட்டான். அரை மணி நேரமாக அவர் தொண்டையைச் சரி செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவன் என்னோடு எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கு முப்பது வருடம் கேட்டபின் பிடித்ததை அவனுக்கு முதல் நாளே ஊட்டப் பார்த்தேன். பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்குக் கொடுத்த கதை.

பிறகு தெரிந்தவர், தெரியாதவர் என்று பலருக்குப் பாட்டுத் தேர்ந்து கொடுத்திருக்கிறேன். சிலர் நின்றார்கள், சிலர் ஓடினார்கள். நின்றவர்களை வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அவர்கள் காதில் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்குப் பக்கத்திலேயே முதல் பாட்டும் இருந்தது. பாட்டின் பெருமையோ பாடியவரின் பட்டமோ அந்த இடத்தில் வேலைக்கு ஆகவில்லை. கீழே உள்ளதெல்லாம் அந்த 'பக்கத்து இட'த்தைக் கண்டுபிடிக்கும் வழி.

படி 1: காதில் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள்

மலேசியத் தமிழர் யாருக்கும் காது காலியாக இல்லை. கோயிலில் சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிப்பது மல்லாரி. அது கம்பீரநாட்டை ராகம். அதைச் சிறு வயதிலிருந்து தேர்ப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார்கள், பெயர் மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பு, தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் ஒலிபெருக்கியில் போடும் முருகன் பாட்டு, கல்யாண வீட்டு உருமி மேளம், மின்னல் எஃப்எம்மின் பழைய பாடல்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பியானோ பரீட்சைப் பயிற்சி எல்லாம் அங்கே படிந்து கிடக்கும்.

அதனால் "கர்நாடக சங்கீதம் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். பதில் 'தெரியல' என்றுதான் வரும். மூன்று கேள்வி போதும். காரில் போகும்போது என்ன ஓடும்? ஒரு பாட்டு பிடித்துப்போனால் முதலில் ஒட்டிக்கொள்வது வார்த்தையா, மெட்டா, அடியா? எந்தச் சத்தம் கேட்டால் கை சும்மா இருக்காது? மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். என் அக்கா மகன் அதற்குச் சொன்ன பதில் "உருமி". அதை நான் நான்கு வருடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

படி 2: ஆளுக்கு ஏற்ற வாசல்

மெட்டுப் பிடித்தவர்களுக்குச் சினிமாப் பாட்டே நேர் வழி. இதை இழிவாக நினைக்கும் ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ரீதிகௌளை ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் வந்த 'சுப்பிரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' தெரியாத முப்பது வயதுக்காரர் இங்கே கிடையாது. அதைப் போட்டு, உடனே 1977-இன் 'கவிக்குயில்' படத்துச் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டைப் போடுங்கள். பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா, அவரே பெரிய கர்நாடக வித்வான். இரண்டும் கேட்டதும் "ஒரே மாதிரி இருக்கே" என்று அவர்களே சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிவிட்டால் ருசி போய்விடும். சொன்ன பிறகு மூன்றாவதாக, பாபநாசம் சிவனின் 'தத்வமறிய தரமா'. தமிழ்ப் பாட்டு, அதே ராகம். ஒரு வாரம் கழித்து, சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரி இயற்றிய 'ஜனனி நின்னுவினா'. இந்த நான்காவதில் ராகம் தன் முழு உடம்போடு வந்து உட்காரும். முதல் நாளே அதைப் போட்டிருந்தால் வெறும் இழுவையாகத்தான் கேட்டிருக்கும்.

அடி பிடித்தவர்களுக்கு, அதாவது உருமிப் பையன்களுக்கு, ராகத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். நேராகத் தாளத்துக்குப் போங்கள். மிஸ்ர சாபு என்று ஏழு எண்ணிக்கைத் தாளம் ஒன்று இருக்கிறது: தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நான்கும். இதை மேசையில் தட்டிக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். எண்ணிக்கை கையில் ஊறினவர்கள். பிறகு தியாகராஜரின் 'நிதி சால சுகமா' போடுங்கள். கல்யாணி ராகம், மிஸ்ர சாபு. பாடகர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், ஏழு மட்டும் நகராமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு தனி ஆவர்த்தனம், பத்து நிமிடத்துக்குள் முடிகிற ஒன்று. கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் அந்த நேரத்தில்தான் பழைய ரசிகர்கள் காப்பி குடிக்க எழுந்து போவார்கள். உருமிக்காரன் அப்போதுதான் நாற்காலி நுனிக்கு வருவான்.

முருகன் பாட்டுக் கேட்பவர்கள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டார்கள். 'தெய்வம்' படத்துக்காக மதுரை சோமு பாடிய 'மருதமலை மாமணியே' (1972) தைப்பூசத்துக்குத் தைப்பூசம் காதில் விழுவதுதான். பாடியவர் கச்சேரி மேடையின் சிங்கம் என்பது பலருக்குத் தெரியாது. இசை அமைத்தவர் குன்னக்குடி வைத்தியநாதன், அவரும் வயலின் வித்வான். அதே சோமுவின் கச்சேரிப் பதிவு ஒன்றைத் தேடிக் கொடுங்கள். குரல் பழகியது, மொழி தமிழ், சாமியும் அதே சாமி. பின்பு சண்முகப்பிரியாவில் பாபநாசம் சிவனின் 'சரவணபவ எனும் திருமந்திரம்'. திருப்புகழைச் சந்தத்தோடு பாடிக் கேட்டிருக்கிறவர்களாக இருந்தால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இன்னும் குறைவு. அருணகிரிநாதர் எப்போதோ செய்து வைத்துவிட்டார்.

அம்மா, அத்தை வயதுக்காரர்களுக்கு 'குறை ஒன்றும் இல்லை'. ராஜாஜி எழுதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று ராகம் மாறிக்கொண்டே போகும். கேட்பவர் அந்தப் பெயர்களைக் கவனிக்க வேண்டாம், மாறும் இடத்தில் மனநிலை மாறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அங்கிருந்து காபி ராகத்தில் 'என்ன தவம் செய்தனை' ஒரு அடி தூரம்.

பியானோ படிக்கும் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரு தந்திரம் உண்டு, இதுவரை தோற்றதில்லை. 'டுவிங்கிள் டுவிங்கிள்' மெட்டை வாசிக்கச் சொல்வேன். வாசித்து முடித்ததும் முத்துசாமி தீட்சிதரின் 'சியாமளே மீனாக்ஷி' போடுவேன். அதே மெட்டு, சமஸ்கிருத வார்த்தை, மீனாட்சி அம்மன் மேல். பிள்ளை வாயைப் பிளக்கும். தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்த காலத்தில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். நொட்டு ஸ்வரம் என்று அதற்குப் பெயர், ஏறக்குறைய 40 இருக்கின்றன. இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டில்கூட ஒன்று உண்டு: 'சந்ததம் பாஹிமாம்'. எல்லாம் சங்கராபரணம், பியானோவில் சி மேஜர் ஏறி இறங்குகிறதே, அதே ஏழு ஸ்வரம். இந்தப் பிள்ளைகளிடம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடலாம்: அதே ஏழு கட்டையை வைத்துக்கொண்டு பாடகர் ஏன் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் போய்ப் போய் வருகிறார்? அந்தக் கேள்வியின் பெயர் கமகம். பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழர் அல்லாத நண்பர்களும் கேட்பார்கள். அலுவலகத்தில் எனக்கு எதிரே உட்காரும் சீன நண்பருக்கு ஒரு நாள் மோகன ராக வர்ணம் 'நின்னுக்கோரி' கேட்கக் கொடுத்தேன். 'அக்னி நட்சத்திரம்' படத்து 'நின்னுக்கோரி வர்ணம்' ஆரம்பிப்பது இதை வைத்துத்தான். அவர் அரை நிமிடத்தில் காதிலிருந்து கருவியைக் கழற்றி, "இது எங்கள் பாட்டு மாதிரி அல்லவா இருக்கிறது" என்றார். இருக்கத்தான் செய்யும். மோகனத்தில் ஐந்து ஸ்வரம்: ச ரி க ப த. சீனப் பாட்டுகளில் மிகப் பழக்கமான ஐந்தும் அவையே. அவர் உடனே 'மோ லி ஹுவா' என்ற மல்லிகைப்பூப் பாட்டை முணுமுணுத்தார், நான் ஸ்வரம் சொன்னேன், இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிவிட்டோம்.

படி 3: எந்தப் பதிவு?

பாட்டு சரியாக இருந்தும் பதிவு தவறினால் காரியம் கெடும். ஒரே கிருதிக்கு, அதாவது ஒரே கச்சேரிப் பாட்டுக்கு, யூடியூபில் ஐம்பது பதிவு இருக்கும். நான் பார்ப்பது இவைதான்.

நீளம். முதல் இரண்டு வாரத்துக்கு ஐந்திலிருந்து எட்டு நிமிடம். அதற்கு மேல் போனால் ஆலாபனை, நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது), கல்பனா ஸ்வரம் (ஸ்வரங்களை அப்போதைக்கப்போது கற்பனையாகக் கோத்துப் பாடுவது) எல்லாம் சேர்ந்து வந்துவிடும். எட்டு நிமிடத்தை மூன்று தடவை கேட்பது இருபத்து நான்கு நிமிடத்தை ஒரு தடவை கேட்பதைவிட நல்லது. மெட்டு மனப்பாடம் ஆன பிறகுதான் அதை வைத்து விளையாடுவது விளையாட்டாகத் தெரியும்.

ஒலி. 1940, 50களின் பதிவுகள் நமக்குப் பொக்கிஷம். புதியவருக்கு எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஆறு மாதம் கழித்துக் கொடுங்கள். அப்போது இரைச்சலையும் மீறிக் கேட்பார்கள்.

மொழி. இதில் சண்டை உண்டு, பழைய சண்டை. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943-இல் தொடங்கியதே அதனால்தான். என் கட்சி எளிது: முதலில் தமிழ். நம் பிள்ளைகளுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று ஏற்கெனவே மூன்று மொழி. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் உள்ள தியாகராஜர், தீட்சிதர் கிருதிகளின் பொருள் அவர்களுக்கு எட்டாது. பொருள் எட்டாத பாட்டை இசைக்காகவே கேட்கும் பழக்கம் பிறகு வரும். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன், பாரதியார் என்று தமிழிலேயே ஒரு வருடத்துக்குத் தீனி இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ'வைப் பொருள் தெரிந்து கேட்பவரிடம், மாஞ்சி ராகம் எப்படி என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் நின்று 'உள்ளே வரலாமா' என்று கேட்கும் நந்தனாரின் குரல் அது.

வார்த்தையே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வாத்தியம். கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனில் கதனகுதூகல ராகத்து 'ரகுவம்ச சுதா', மாண்டலின் சீனிவாஸ், என். ரமணியின் புல்லாங்குழல். 'ரகுவம்ச சுதா' துள்ளிக்கொண்டு ஓடும் பாட்டு, காலைக் காப்பியோடு கேட்கலாம். மதுரை மணி ஐயரின் 'இங்கிலீஷ் நோட்' அதே ரகம்.

பாடுகிறவர் யார் என்பதில் ரொம்பக் கண்டிப்பு வேண்டாம். பெண் குரல் பிடிக்குமா, ஆண் குரலா, கனமானதா, மெல்லியதா என்று ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிப் போட்டுக் காட்டினால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

படி 4: எங்கே, எதில் கேட்பது?

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் போடாதீர்கள். தம்புரா கேட்காது, மிருதங்கத்தின் இடப்பக்கத்து 'தொம்' அடியோடு காணாமல் போகும். மிச்சம் இருப்பது பாடகரின் மேல் ஸ்தாயியும் வயலினும் மட்டும். அதைக் கேட்டுவிட்டு 'கத்துறாங்க' என்று சொன்னால் கோபித்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. காதில் மாட்டுவது சாதாரணமானதாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் கேட்கட்டும். இல்லாவிட்டால் கார்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணி நெரிசல் இந்த வேலைக்காகவே படைக்கப்பட்டது. பக்கத்தில் இருப்பவர் இறங்கி ஓட முடியாது. ஒரு நாள் அங்கே நின்றுகொண்டு அமிர்தவர்ஷிணி ராகம் போட்டேன். முதலில் 'தூங்காத விழிகள் ரெண்டு', பிறகு தீட்சிதரின் 'ஆனந்தாம்ருதாகர்ஷிணி'. எட்டயபுரம் பக்கத்து வறட்சியில் அவர் இதைப் பாடி மழை வந்தது என்பார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடியில் தூறல் விழுந்தது. அக்கா மகன் ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு, "மாமா, கேஎல்ல டெய்லி இந்நேரத்துக்கு மழைதானே" என்றான். ஆனாலும் அந்த ராகத்தின் பெயரை இன்றுவரை மறக்கவில்லை. கதை ஒட்டிக்கொண்டால் பாட்டும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் போடுவதாக இருந்தால் பேசிக்கொண்டே பின்னால் ஓட விடாதீர்கள். எட்டு நிமிடம் உட்கார்ந்து கேட்டு, நிறுத்திவிடுங்கள். இன்னொன்று வேண்டும் என்று அவர்கள் கேட்டாலும் அன்றைக்கு வேண்டாம்.

படி 5: என்ன சொல்லிக் கொடுப்பது, எதை வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது

72 மேளகர்த்தா, ஜன்னிய ராகம், விவாதி ஸ்வரம். இவற்றை முதல் மாதத்தில் எடுத்தால் நான் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. மூன்றே மூன்று விஷயம் காட்டினால் போதும்.

ஒன்று, தம்புராவின் ச. கண்ணை மூடி அந்த ரீங்காரத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பாடகர் எத்தனை தூரம் போனாலும் திரும்பி வந்து அதில் இறங்குவது தெரியும். வீட்டு வாசல் விளக்கு மாதிரி.

இரண்டு, ஆதி தாளம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை மேசையில் என் அக்கா மகனின் உருமிச் சிநேகிதனுக்கு இதைக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை. நான்கு ஆயிற்று. பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பு. மறுபடி ஒரு தட்டு, திருப்பு. எட்டு. அவ்வளவுதான். தே தாரிக் ஆறுவதற்குள் பிடித்துவிட்டான். கஷ்டம் எங்கே வந்தது என்றால், பாட்டு எட்டில் முதல் தட்டிலேயே ஆரம்பிக்கும் என்று அவன் நினைத்தான். பல பாட்டுகள் தட்டிய பிறகு கொஞ்சம் தள்ளித்தான் எடுக்கும். "அண்ணே, பாட்டு லேட்டா வருது" என்றான். லேட் இல்லடா, எடுப்பு என்றேன். மூன்று தடவை தப்பாகப் போட்டான், நான்காவது தடவை சிரித்துக்கொண்டே சரியாக விழுந்தான். தாளம் போடத் தெரிந்தவருக்குக் கச்சேரியில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. வேலை இருந்தால் கைப்பேசியை எடுக்க மாட்டார்.

மூன்று, சங்கதி, அதாவது ஒரே வரியைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பாடுவது. இதற்கு என் கையிருப்பு ஹம்சத்வனியில் தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்'. (தமிழ் முதலில் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு, ஒத்துக்கொள்கிறேன். தமிழ்தான் வேண்டுமென்றால் அதே ராகத்தில் பாபநாசம் சிவனின் 'மூலாதார மூர்த்தி'.) வாதாபியின் முதல் வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். புதியவர், "ஏன் சொன்னதையே சொல்றாரு?" என்று கேட்பார். அதுதான் சமயம். விரலை மடக்கி எண்ணச் சொல்லுங்கள்: ஒவ்வொரு தடவையும் எது மாறியது? முதலில் வரி நேராகப் போகும். அடுத்த தடவை கடைசியில் ஒரு சின்ன வளைவு. அதற்கடுத்து நடுவில் ஏறி இறங்கும். பிறகு வேகமாக ஒரு பின்னல். ஒரே புடவையை மடிப்பு மாற்றி மாற்றிக் காட்டுவது போல. இதைக் கேட்கப் பழகியவருக்கு 'திரும்பத் திரும்ப' என்ற புகார் அதோடு நின்றுவிடும். என் அனுபவத்தில், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் காட்டினாலும் பாதிப் பேர் தேறிவிடுகிறார்கள்.

படி 6: ஒரு மாதம், ஒரே ராகம்

பலரும் செய்யும் தவறு, நாளுக்கு ஒரு ராகம் என்று கலவைச் சாதம் போடுவது. ஒரு ராகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் கல்யாணியைக் கொடுப்பேன்.

முதல் வாரம் 'மன்னவன் வந்தானடி'யும் (1967, 'திருவருட்செல்வர்') 'சிந்தனை செய் மனமே'யும் (1957, 'அம்பிகாபதி'). இரண்டாம் வாரம் பாபநாசம் சிவனின் 'உன்னையல்லால்', ஆலாபனை இல்லாமல் அல்லது ஒரு நிமிட ஆலாபனையோடு. மூன்றாம் வாரம் 'நிதி சால சுகமா', ஏழைத் தட்டிக்கொண்டே. நான்காம் வாரம், இத்தனை நாள் நாம் தள்ளி வைத்திருந்த ஆலாபனை. ஐந்து அல்லது ஆறு நிமிடம், தனியாக. வார்த்தையும் தாளமும் இல்லாமல் வந்தாலும், மூன்று வாரமாகக் கேட்ட மெட்டுகளின் துண்டுகள் அதில் மிதந்து வருவது தெரியும். 'இந்த இடம் அந்தப் பாட்டில் வருமே' என்று அவர்கள் சொல்லும் நாளில், தொண்டையைச் சரி செய்கிறார் என்ற சந்தேகம் போய்விடும்.

நான்கு வாரம் என்பது சும்மா ஒரு கணக்கு. ஒருவருக்கு பத்து நாள் போதும்; என் மனைவிக்கு எட்டு மாதம் ஆனது, அதற்கு அவர் சொல்லும் காரணம் வேறு.

படி 7: முதல் நேரடிக் கச்சேரி

மூன்று மணி நேர முழுக் கச்சேரி வேண்டாம். நவராத்திரி ஒன்பது இரவும் நம் கோயில்களில் கச்சேரி நடக்கும், பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். டிக்கெட் கிடையாது, நடுவில் எழுந்து போனால் யாரும் முறைக்க மாட்டார்கள், முடிந்ததும் சுண்டலும் உண்டு. ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி வைத்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் குறை, கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இலிருந்து சங்கீதம், நடனம் சொல்லித் தரும் இடம். பினாங்கிலும் அவர்களுக்குக் கிளை உண்டு. மாணவர் நிகழ்ச்சி என்று ஒதுக்காதீர்கள். தன் வயதுப் பிள்ளை மேடையில் உட்கார்ந்து வியர்த்துப் பாடுவதைப் பார்க்கிற பதின்ம வயதுக்காரருக்கு அதில் வேறொரு பிடிப்பு வரும்.

பரதநாட்டிய அரங்கேற்றமும் நல்ல வாசல். கண்ணுக்கு வேலை இருப்பதால் காது பயப்படாது. வர்ணம், பதம், தில்லானா எல்லாம் அங்கே வந்துவிடும்.

முழுக் கச்சேரிக்குத்தான் போக வேண்டும் என்றால், அதன் நடையைத் தெரிந்துகொண்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள்: முதலில் வர்ணம், பிறகு சின்னச் சின்னக் கிருதிகள், நடுவில் பெரிய உருப்படியும் தனி ஆவர்த்தனமும், கடைசியில் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகள், மங்களம். மெட்டுப் பிரியரை முதல் ஒரு மணி நேரத்துக்கு அழைத்துப் போங்கள். பக்திப் பாட்டுக்காரர் கடைசி முக்கால் மணிக்கு வந்தால் போதும். திருப்புகழ், பாரதியார் பாட்டு, தில்லானா எல்லாம் அங்கேதான். தாளப் பையன் தனி ஆவர்த்தனத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். அவனை மேடையைப் பார்த்து இடப்பக்கமாக உட்கார வையுங்கள், மிருதங்கம் வழக்கமாக அந்தப் பக்கம். வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கம், சபையைப் பார்த்து இருப்பதால் விரல் ஓடுவது தெரியும்.

பசியோடு அழைத்துப் போகாதீர்கள். இதை நான் நாசி லெமாக்கிலிருந்து கற்றுக்கொண்டேன்.

படி 8: பிடிக்கவில்லை என்றால்

விட்டுவிடுங்கள். 'இது புரியாட்டி நீ தமிழனே இல்ல' என்று தொடங்கும் பேச்சால் இதுவரை யாரும் ரசிகராகவில்லை. எது பிடிக்கவில்லை என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'மெதுவா இருக்கு' என்றால் பாட்டுத் தேர்வு தவறு. 'சத்தமா இருக்கு' என்றால் பதிவு தவறு. 'நீளமா இருக்கு' என்றால் நம்முடைய பொறுமையின்மை. மூன்று மாதம் கழித்து வேறு வாசலைத் திறந்து பாருங்கள்.

என் அக்கா மகன் திரும்பி வந்தது அப்படித்தான். போன நவராத்திரிக்கு அவனும் உருமிச் சிநேகிதனும் சேர்ந்து ஒரு கோயில் கச்சேரிக்கு வந்தார்கள், தனி ஆவர்த்தனத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், இடப்பக்கம். முடிந்ததும் மாமாக் கடைக்குப் போனோம். பாடகரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிநேகிதனுக்கு இருந்தது ஒரே கேள்வி: கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக்காரர் இடப்பக்கத் தோலில் எதையோ பிசைந்து அப்பினாரே, அது என்ன? ரவை என்றேன். தண்ணீரில் குழைத்து அப்பினால் தோல் கனமாகி ஒலி இறங்கும், கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் ரொட்டி சானாயைப் பிய்த்தான். மறுநாள் காலை வாட்சாப்பில் ஒரு படம் வந்தது: சமையலறைத் தரையில் அவன் உருமி, ஒரு பக்கம் முழுக்க ரவை, பின்னால் இடுப்பில் கை வைத்தபடி அவன் அம்மா.